கப்பலேறும் வரை

திசையன்விளைச் சந்தைக்குப் பின்னால்
என் தகரக் கிட்டங்கியிலிருந்து போனது
நூற்றிருபது பொதி அவுரி இலை.
தேரி மண்ணில் காய்ந்து
ஹாம்பர்க்கில் யாரோ ஒருவரின்
வயிற்றைக் கலக்கப் போகிற இலை.
மரியாதையான தொழில்தான்.

ஒப்பந்தத்தில் எப்.ஓ.பி. தூத்துக்குடி.
எட்டு வருஷமாக அதுதான்.
முதல் ஆர்டரில் யாரோ அடித்த மூன்றெழுத்தை
அடுத்த ஆர்டருக்கு நகலெடுத்தேன்,
கல்யாணப் பத்திரிகையில்
‘வாழ்க வளமுடன்’ போடுகிற மாதிரி.

யார்டில் பெட்டியை ஒப்படைத்ததும்
முத்திரைக் கம்பியின் எண்ணை
பெர்க்மான்ஸ் போனில் வாசித்தான்.
கணக்கின் கீழே இரட்டைக் கோடு இழுத்தேன்.
அன்றைக்கு பஸ்ஸில்
சாத்தான்குளம் வருமுன்பே தூங்கிப்போனேன்.

கப்பல் வரவில்லை.
கொழும்பில் நெரிசல் என்றார்கள். இரண்டு நாள், பிறகு நான்கு.
ஐந்தாம் நாள் ராத்திரி மழை.
எங்கள் பக்கம் மழை வராது;
வந்தால் பாக்கி வசூலிக்கத்தான் வரும்.
யார்டில் கீழடுக்குப் பெட்டிகளுக்கு
முழங்காலளவு தண்ணீர்.
என் பெட்டி கீழடுக்கு.

“அவங்க காம்பவுண்டுக்குள்ளதானடே நனைஞ்சுது?”
“இருக்கட்டும்க்கா. கப்பல்ல ஏறுனாத்தான் அவன் சரக்கு.
ஏறுதவரைக்கும் நம்ம சரக்கு.”
“இன்சூரன்சு?”
“அவனுக்கு கப்பல்லேருந்து.
நீங்க எடுத்தது கிட்டங்கியிலேருந்து கேட்டு வரைக்கும்.”

கேட்டுக்கும் கப்பலுக்கும் இடையில்
ஒரு கிலோமீட்டர் இருக்கும்.
தார் ரோடு, விளக்குக் கம்பம், ஒரு டீக்கடை.
பட்டா இல்லாத அந்த நிலத்துக்கு
ஐந்து நாள் நான் சொந்தக்காரி.

கிரேனில் பெட்டி தொங்குவதைப் பார்த்திருக்கிறேன்.
முன்பெல்லாம் கப்பலின் ஓரக் கம்பியைத் தாண்டினால் போதுமாம்,
பொறுப்பு கைமாறிவிடுமாம்.
காற்றில் ஒரு வரப்பு.
இந்தப் பக்கம் விழுந்தால் எனக்கு, அந்தப் பக்கம் விழுந்தால் அவருக்கு.
இப்போது தளத்தில் இறக்கி வைத்தாக வேண்டும்.
வரப்பு கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது, என் செலவில்.

சர்வேயர் கதவைத் திறந்தார்.
கஷாய வாடை.
பன்னிரண்டு டன்னுக்கு டீ போட்டிருந்தது மழை.

உல்ரிக் மூன்று வரி வருத்தம் எழுதியிருந்தார்.
நான்காவது வரியில், மாற்றுச் சரக்கு எப்போது?
அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.
கையெழுத்து என்னுடையது.

மறுநாள் காலை தவசிக்கனி வந்தார்,
இலைக்கு மீதி எழுபதாயிரம்.
சேதி அவருக்கும் தெரியும்.
உட்கார்ந்து
சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னுள் ஒரு வக்கீல் கோட்டை மாட்டினான்.
இலையில் ஈரம் முன்பே கூடுதலோ?
காம்பு கலந்திருந்ததோ?
பொங்கல் கழித்து வாங்கிக்கொள்ள மாட்டாரோ?

எனக்கும் அவருக்கும் நடுவில்
மூன்றெழுத்து எதுவும் எழுதப்படவில்லை.
தராசு இருந்தது.
பொதியை வைத்துவிட்டு அவர் கையை எடுத்தார்,
நான் எடையைக் குறித்தேன்.
அதற்கப்புறம் பெய்ததெல்லாம்
என் மழை.

வளையலை அடகு வைத்துக் கொடுத்தேன்.
இரண்டு தரம் எண்ணினார்.
ஒரு நூறு கூட இருக்கிறதென்று திருப்பித் தந்தார்.

புது ஒப்பந்தத்தில்
எப்.ஓ.பி.யை அழித்து எப்.சி.ஏ. அடித்தேன்.
எந்த இடம் என்று கேட்டது படிவம்.
யார்டின் வாசல் என்றேன்.
எழுத்து மூன்றேதான்; ஒரு கிலோமீட்டர் குறைந்தது.

வங்கி மேலாளர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
“கப்பல்ல ஏத்தியாச்சுன்னு முத்திரை இருந்தாத்தான்
பணம் விடுவிப்போம், தெரியும்லா?”

தெரியாது.
எழுந்துபோய்
பெர்க்மான்சுக்குப் போன் போட்டேன்.